கணீரின் நீர் மாத்திரை

"மலைக்குச் செல்லும் பயணிகளின் அன்பான கவனத்திற்கு" என்று ஒலிபெருக்கியில் தொடங்கிய கணீர், 'அன்பான' வரைக்கும்தான் நிம்மதியாக இருந்தார். 'கவனத்திற்கு' என்று வரும்போது அடிவயிறு அவருடைய கவனத்தைப் பிடித்து இழுத்தது. உயரமான நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு கால்களையும் கயிறு முறுக்குவது போல முறுக்கிக்கொண்டு, மீதியை ஒரே மூச்சில் கொட்டினார்.

"மூணாவது மேடையில வண்டி புறப்படுது ஏறுறவங்க ஏறுங்க ஏறாதவங்க அடுத்த வண்டியில வாங்க!"

கண்ணாடிக் கூண்டின் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

கழிப்பறை பஸ் நிலையத்தின் மறுகோடியில் இருந்தது. எல்லா மேடைகளையும் தாண்டித்தான் போக வேண்டும். வழியில் மூட்டை முடிச்சுகளோடு நின்ற சனம் அவரைப் பார்த்தது. பஸ் எப்போது வரும், எங்கே நிற்கும் என்று சொல்கிற மனிதரே இப்படித் தலைதெறிக்க ஓடுகிறார் என்றால், ஏதோ ஒரு வண்டி போகிறது என்றுதானே அர்த்தம்? ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். அவரைப் பார்த்து இன்னொருவர். பிறகு குழந்தையும் கையுமாக ஒரு குடும்பம். கணீர் உள்ளே புகுந்து தாழ்ப்பாள் போட்ட பிறகு, வெளியே ஒரு பஸ்ஸுக்கான கூட்டம் மூச்சிரைக்க நின்றது.

"சார், இங்கேருந்துதான் புறப்படுதா?" என்று கதவைத் தட்டி ஒரு குரல் கேட்டது.

சிரிக்காதீர்கள், பாவம். உள்ளே இருந்த மனிதருக்கு அது வாழ்வா சாவா என்கிற நேரம்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. நிலையத்தில் எல்லோருக்கும் அவர் கணீர். அப்படிப்பட்ட குரல். அவர் சொன்னால்தான் வண்டி நகரும். ஓட்டுநர்கள் சாவியைத் திருகிவிட்டு அவர் வாயைப் பார்த்துக் காத்திருப்பார்கள். வீட்டிலும் அதே குரல், அதே காத்திருப்பு.

நிலையக் கண்காணிப்பாளர் ஓய்வு பெற்றுப் போய், அவர் அறை காலியாகக் கிடந்தது. சுழல் நாற்காலி, சன்னல் திரை, எல்லாவற்றுக்கும் மேலாக அறைக்குள்ளேயே ஒரு கழிப்பறை. அந்த நாற்காலி தனக்குத்தான் என்று கணீர் எப்போதோ முடிவு செய்துவிட்டார். பெரிய அதிகாரி நேரில் வந்து, ஆளைப் பார்த்து, வேலையைப் பார்த்து முடிவு செய்வார் என்று தகவல் வந்திருந்தது. அதிகாரிக்குச் செருப்புக் கால் பிடிக்காது என்றும் கூடவே ஒரு தகவல்.

உடனே பளபளவென்று ஒரு ஜோடி ஷூவும், முழங்காலுக்குக் கீழே கவ்விப் பிடிக்கிற கெட்டியான காலுறையும் வாங்கினார். பழகட்டும் என்று காலை முதல் இரவு வரை மாட்டியிருந்தார். நாலே நாளில் கால் பழகவில்லை, வீங்கியது. சாயங்காலம் உறையைக் கழற்றினால் சுற்றிலும் காப்புப் போட்டது போல ஒரு பள்ளம், அதற்குக் கீழே உப்பல்.

"இந்தக் காலோட போய் அதிகாரி முன்னால நின்னா, சீக்காளின்னு ஒதுக்கிடுவாங்க" என்று பதறினார். "அடியே, நீ போய் டாக்டர்கிட்டச் சொல்லி மருந்து வாங்கிட்டு வா."

"நீங்க வரலீங்களா?"

"நான் நகர்ந்தா ஊர்ல ஒரு பஸ் நகராது. உனக்கென்ன, வீட்ல சும்மா உக்காந்திருக்கே!"

அது ஒன்றும் புதிதல்ல. தன் வியாதிக்குத் தான் போய் நிற்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது. பல்வலி வந்தபோதுகூட மனைவிதான் போனாள். டாக்டர் முன்னால் தன் வாயைத் திறந்து, "அவருக்கு இந்த இடத்துலங்க" என்று தன் பல்லைத் தொட்டுக் காட்டி மருந்து வாங்கி வந்தாள். முதுகு வலிக்கும் அப்படித்தான், தன் முதுகைத் திருப்பிக் காட்டினாள். அவர் உடம்புக்கு அவள் உடம்பு ஒரு மாதிரிப் படம்.

கால் வீக்கத்துக்கும் போனாள். புது டாக்டர். திரும்பி வந்தவள் மாடிப்படியில் நின்று நின்று ஏறினாள். கணீர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு மாடிக்கு எத்தனை இடத்துல நிக்கிறே? நீ என்ன டவுன் பஸ்ஸா?"

அவள் சிரித்தாள். சிரித்து முடிக்க மூச்சு போதவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மீதிப் படிகளை ஏறினாள்.

"அதென்ன என் பழைய செருப்பு உன் காலுல?"

"என்னுது இறுக்குதுங்க. தோல் சுருங்கிப் போச்சு போல."

"செருப்புத் தோலும் சுருங்குமா? சரி, டாக்டர் என்ன சொன்னாரு?"

"கெட்டிக்கார டாக்டருங்க! நான் வாயத் திறக்கவே இல்ல. உள்ளே நுழைஞ்சதுமே, 'என்ன, கால் வீக்கமா'ன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. உங்கள பார்க்காமலே கண்டுபிடிச்சுட்டாரு."

"என் குரல் ஊருக்கே தெரியும், கால் தெரியாதா?" என்றார் கணீர், பெருமையாக.

"எடை மெஷின்ல ஏறச் சொன்னாங்க. தினமும் காலையில இப்படித்தான் எடை பார்க்கணுமாம். திடுதிப்புனு ஏறினாலும் சொல்லணும், இறங்கினாலும் சொல்லணுமாம்."

"உன்னை ஏத்தினதுக்கப்புறம் மெஷின் உயிரோட இருக்கா?"

அவள் அதற்கும் சிரித்துவிட்டு, மறந்துவிடப் போகிறோமே என்ற கவலையில் மளமளவென்று ஒப்பித்தாள். "இது நீர் பிரியிற மாத்திரைங்க. உடம்புல தேங்கின நீரை வெளியேத்துமாம். காலையில சாப்பிட்டதும் ஒண்ணு. சாயங்காலமா போட்டா தூக்கம் போயிடும். ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா மறுநாள் சேர்த்து ரெண்டா போடக் கூடாது. உப்பைக் குறைக்கணும். தலை சுத்தினாலோ, கெண்டைக்கால் சுருட்டி இழுத்தாலோ உடனே வரணும். ஒரு வாரத்துல ரத்தம் எடுத்துப் பார்க்கணும். வேற மாத்திரை எதையும் கேக்காம..."

"மாத்திரையக் குடு. கதையை விடு."

மறுநாள் காலையில் போட்டார். அன்றைக்குத்தான் அந்த ஓட்டம், அந்தக் கூட்டம். மலைக்குப் போகிற வண்டி, பாதி இருக்கை காலியாகப் போய்ச் சேர்ந்தது. ஆட்கள் கழிப்பறை வாசலில் அல்லவா நின்றிருந்தார்கள்!

வண்டிகள் வந்துபோகிற நேரத்தைக் குறிக்கிற டைம்கீப்பர் கூண்டுக்குள் தலையை நீட்டினார். அவருக்குத் தெரியாத வைத்தியம் கிடையாது. சொந்த இருமலை மட்டும் குணப்படுத்தத் தெரியாது.

"என்ன கணீர் சார், ஓட்டப் பந்தயமா?"

விஷயத்தைச் சொன்னார்.

"அடப் பாவமே! காலையில எதுக்குப் போடுறீங்க? ராத்திரி போடுங்க. எல்லாத்தையும் வீட்டோட முடிச்சுக்கிட்டு காலையில காலி டப்பாவா வரலாம்."

கணீருக்கு அது பெரிய அறிவாகப் பட்டது.

"டாக்டர் காலையிலன்னுதானே சொன்னாரு?" என்றாள் மனைவி.

"டாக்டர் என்ன மைக்ல உக்காந்திருக்காரா?"

ராத்திரி போட்டார். கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடுவே விடியும்வரை ஷட்டில் சர்வீஸ் நடந்தது. ஒவ்வொரு தடவையும் மனைவியின் காலைத் தாண்டிப் போனார். அவள் கொஞ்ச நாளாகவே கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குகிறாள்.

"நீ முட்டுக் குடுக்கலேன்னா சுவர் விழுந்துடுமா? நீட்டிப் படுக்க வேண்டியதுதானே?"

"படுத்தா ஒரு மாதிரி அடைக்குதுங்க. இப்படியே பழகிப் போச்சு."

"கொடுத்து வச்சவ. உக்காந்தே தூங்குறா. எனக்கு மெத்தையில வரமாட்டேங்குது" என்று அங்கலாய்த்தபடி அடுத்த ஓட்டத்துக்குக் கிளம்பினார்.

விளைவு மறுநாள் தெரிந்தது. மைக்கின் மேல் நெற்றியை வைத்துத் தூங்கிவிட்டார். குறட்டை எல்லா மேடைகளிலும் எதிரொலித்தது. ஓர் ஓட்டுநர், தன் இன்ஜின்தான் கோளாறு என்று இறங்கி முன்மூடியைத் திறந்து பார்த்தார். திடுக்கிட்டு விழித்த கணீர், மலைக்குப் போகிறவர்களைக் கடற்கரை வண்டியிலும் கடற்கரைக்குப் போகிறவர்களை மலை வண்டியிலும் ஏற்றி அனுப்பினார். நீச்சல் உடை எடுத்துப் போன குடும்பம் ஒன்று குளிரில் நடுங்கித் திரும்பி வந்து, கண்ணாடியைத் தட்டித் திட்டியது.

"மாத்திரைய நிறுத்திடுங்களேன்?" என்றாள் மனைவி. "இல்லாட்டி, டாக்டரையே ஒரு தரம் கேட்டுட்டு வரட்டுமா?"

"நிறுத்தினா கால் வீங்கிடும். ஷூ நுழையாது. நாற்காலி போச்சு. அது புரியுதா உனக்கு?"

அவளுக்கு நாற்காலி புரிந்தது. அந்த வீட்டில் சாப்பாட்டு நேரம், தூங்குகிற நேரம் எல்லாம் அந்த நாற்காலியைச் சுற்றித்தானே ஓடிக்கொண்டிருந்தது.

டைம்கீப்பர் அடுத்த வைத்தியத்தோடு வந்தார். "மாத்திரை காலையிலயே போடுங்க. ஆனா தண்ணியே குடிக்காதீங்க. உள்ளே ஊத்தினாத்தானே வெளியே வரும்?"

கணீர் தண்ணீரை நிறுத்தினார். இரண்டாம் நாள் உதடு வெடித்தது. மூன்றாம் நாள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கணீர் என்ற குரல் கரகரவென்று ஆனது. 'துறைமுகம்' என்று சொல்லப் போனால் காக்கை கத்துவது போல ஒரு சத்தம்தான் வந்தது. துறைமுக வண்டி, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் அப்படியே நின்றது. நாற்காலியிலிருந்து எழுந்தால் கண்ணாடிக் கூண்டு ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"தலை சுத்தினா உடனே வரச் சொன்னாருங்க" என்று மனைவி கெஞ்சினாள். "ரத்தம் பார்க்கிற நாளும் தாண்டிப் போச்சு."

"எல்லாம் பதவி வந்த அப்புறம். இப்போ ஆஸ்பத்திரிப் படி ஏறினேன்னு தெரிஞ்சா, டைம்கீப்பரே போட்டுக் குடுத்துடுவான்."

"அப்போ அவரு பேச்ச ஏன் கேக்குறீங்க?"

கணீர் சாப்பாட்டைக் குறை சொன்னார். "இது என்ன, வாயில வைக்க முடியல. உப்பே இல்ல."

"குறைக்கச் சொன்னாங்களே. நானும் உங்களோட சேர்ந்து அதையேதான் சாப்பிடுறேன்."

"உப்பில்லாமத்தான் எனக்குத் தலை சுத்துது" என்று அவராகவே முடிவு கட்டினார். அன்று முதல் கூண்டில் உப்பு தூவிய வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று மைக்குப் பக்கத்திலேயே குடியேறியது. உப்பு உள்ளே போனதும் தாகம் எடுத்தது. தாகத்துக்கு அண்டா அண்டாவாகத் தண்ணீர். தண்ணீர் போனதும் கால் பழையபடி உப்பியது. மறுநாள்தான் பெரிய அதிகாரி வருகிறார்.

அன்று காலை மாத்திரையை அவசரத்தில் மறந்திருந்தார். "இன்னிக்கு விட்டது ஒண்ணு, நாளைக்கு உள்ளது ஒண்ணு. ரெண்டையும் இப்பவே குடு. எல்லாத்தையும் முன்கூட்டியே முடிச்சுடலாம்" என்று சாயங்காலம் கை நீட்டினார்.

"ரெண்டா போடக் கூடாதுங்க!" அவள் அட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அந்த வீட்டில் அவள் எதையாவது மறைத்தது அதுதான் முதல் தடவை.

கணீர் ஒரு அதட்டல் போட்டார். கரகரப்பாக இருந்தாலும் அதட்டல் அதட்டல்தான். அட்டை முன்னால் வந்தது. கடைசி இரண்டு மாத்திரைகள். காலி அட்டையை அவள் கசக்கி எறியவில்லை. மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

விடிந்ததும் கணீர் காலை ஷூவுக்குள் திணித்தார். நுழைந்தது. வெற்றி! கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்ததை அவர் கவனிக்கவில்லை. ஷூவின் பளபளப்பில் அவர் முகம் நன்றாகத்தான் தெரிந்தது. மதியச் சாப்பாட்டைக் கொண்டு வந்து கொடுக்கும்படி மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பெரிய அதிகாரி நடுப்பகலில் வந்தார். மேடைகளைப் பார்த்தார், டைம்கீப்பரிடம் இரண்டு வார்த்தை பேசினார், பிறகு கண்ணாடிக் கூண்டுக்குள் நுழைந்தார். கணீர் அப்போது மைக்கில் இருந்தார்.

"பயணிகளின் அன்பான கவனத்திற்கு..."

அதிகாரியைக் கண்டதும் மரியாதை தெரிந்தவராய் விருட்டென்று எழுந்தார். அப்படி எழுந்திருக்கக் கூடாது. கூண்டு ஒரு சுற்று சுற்றியது. சமாளிக்கக் காலை ஊன்றினால், கெண்டைக்கால் சுருட்டிக்கொண்டு கல்லாகியது. "ஐயோ அம்மா!" என்று அவர் போட்ட கூச்சலில் பழைய கணீர் திரும்பி வந்திருந்தது. நிலையம் முழுக்க அது முழங்கியது. பிடிமானத்துக்கு அவர் பிடித்தது அதிகாரியின் கழுத்துப் பட்டையை. இருவரும் வேர்க்கடலைப் பொட்டலத்தின் மேல் சரிந்தார்கள்.

மைக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"விடுய்யா! கழுத்தை விடு!" என்று அதிகாரியின் குரல் எல்லா மேடைகளிலும் கேட்டது. "யாரங்கே, டைம்கீப்பர்! இந்தாளைத் தூக்குங்க. நாளையிலேருந்து நீங்களே அந்த ரூம்ல உக்காருங்க!"

கணீரின் வாழ்க்கையில் அவர் கேட்ட மிகத் தெளிவான அறிவிப்பு அது.

அந்நேரம் பார்த்துச் சாப்பாட்டுப் பையோடு மனைவி நிலைய வாசலில் வந்துகொண்டிருந்தாள். ஒலிபெருக்கியில் கேட்ட 'ஐயோ அம்மா' யாருடையது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பையைப் போட்டுவிட்டு, தொளதொளத்த ஆண் செருப்போடு ஓடி வந்தாள். வண்டி பிடித்து, அவரைத் தூக்கி உட்கார வைத்து, மருத்துவமனை வாசலில் இறக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு படியேறினாள். ஒவ்வொரு படியிலும் நின்றாள். அன்று மட்டும் டவுன் பஸ் என்று சொல்லக் கணீருக்குத் தெம்பில்லை.

வாசலில் நின்ற நர்ஸ் பாய்ந்து வந்து மனைவியின் கையைப் பிடித்தாள். "வாங்கம்மா. முதல்ல உக்காருங்க."

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. அவருக்குத்தான்" என்றாள் அவள், மூச்சுக்கு நடுவே.

கணீரைப் படுக்கவைத்து, ரத்தம் எடுத்து, கையில் ஊசி குத்தி மேலேயிருந்து பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார். பிறகு ஷூவைக் கழற்றி, காலுறையை உரித்து, அந்த வளையப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது உடம்பு வீக்கம் இல்லீங்க, உறை இறுக்கம். இதை மாட்டிக்கிட்டு நாள் பூரா காலைத் தொங்கப் போட்டு உக்காந்தா, யாருக்கும் இப்படித்தான் ஆகும். உறையக் கழட்டிட்டு, காலை ஒரு முக்காலி மேல நீட்டி வச்சிருந்தாலே வத்தியிருக்கும். நெஞ்சு நல்லா இருக்கு. ஆனா இல்லாத நீரைப் பிழிஞ்சு எடுத்து, ரத்தத்துல இருக்க வேண்டிய உப்புச் சத்தையும் சேர்த்துத் துடைச்சு விட்டிருக்கீங்க. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா இதயமே தடுமாறியிருக்கும். நீர் மாத்திரைய உங்களுக்கு யாரு எழுதிக் குடுத்தது?"

கணீருக்கு வந்த கோபத்தில் தலைசுற்றல்கூட ஒரு நிமிடம் நின்றது. நாற்காலி போயிற்று, குரல் போயிற்று, ஊர் முன்னால் மானமும் போயிற்று. யாரையாவது குற்றவாளிக் கூண்டில் ஏற்றியே ஆக வேண்டும்.

"நீங்கதான் டாக்டர்! நீங்களே குடுத்தனுப்பிட்டு என்னையே கேக்குறீங்களா? இல்லாட்டி இவ ஏதாச்சும் தப்பா சொல்லி வாங்கிட்டு வந்திருப்பா. ஒரு வேலை உருப்படியா செய்யத் தெரியாது. என் பதவியே போச்சு, தெரியுமாடி உனக்கு?"

டாக்டர் அப்போதுதான் திரும்பி, சுவரோரம் நின்றவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவள் முந்தானையிலிருந்து மடித்து வைத்த காலி அட்டையை எடுத்து நீட்டினாள்.

"நான் தப்பா எதுவும் சொல்லல டாக்டர். நீங்க சொன்னபடியே குடுத்தேன். ஒண்ணுகூட வீணாக்கல, எல்லாத்தையும் அவருக்கே குடுத்துட்டேன். அன்னிக்கு நீங்ககூட என் காலை அமுக்கி, குழி விழுறதைக் காட்டினீங்களே, அவருக்கு எப்படி இருக்கும்னு..."

கீழே கிடந்த காலுறையை எடுக்கக் குனிந்த நர்ஸ், அந்த ஆண் செருப்புக்குள்ளும் அடங்காமல் பிதுங்கிய பாதங்களைப் பார்த்தாள். நிமிரவில்லை. குனிந்தபடியே சொன்னாள்.

"டாக்டர் காட்டலம்மா, உங்க காலைத்தான் பார்த்தாரு. அந்த மாத்திரை உங்களுக்கு."